ஆப் ஏன் திரும்பி வருகிறது? தனியாக ஆப் எழுதும் நெல்லைப் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கம்

ஆப் எழுதி முடித்தாயிற்று. உங்கள் போனில் ஓடுகிறது, அக்கா போனிலும் ஓடுகிறது. ப்ளே ஸ்டோருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், சில நாள் கழித்து நிராகரிப்பு மெயில் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில், நீளமாக, எந்த இடத்தில் என்ன கோளாறு என்று சட்டென்று பிடிபடாதபடி. பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் என்று நம் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து ஆப் எழுதுகிறவர்கள் பலர் அந்த மெயிலோடு கையைக் கட்டிக்கொள்கிறார்கள். ‘நம்ம ஆப் தேறாது போல’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

அந்த மெயில் அப்படி எதுவும் சொல்வதில்லை. ஸ்டோர் அனுமதி என்றால் என்ன, அங்கே எதைப் பார்க்கிறார்கள், எதனால் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது ஒரு தடவை விளங்கிவிட்டால், முதல் ஆப்புக்கு வரும் நிராகரிப்புகளில் பெரும்பாலானவை உட்கார்ந்து சரிசெய்யக்கூடியவைதான்.

என்னதான் சோதிக்கிறார்கள்?

ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் 500 ஆப்களோடு தொடங்கியது. கூகுளின் கடை அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டு மார்க்கெட் என்ற பெயரில் வந்து, 2012இல் கூகுள் ப்ளே ஆனது. ஆப் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் இந்தக் கடைகளில் வைக்க வேண்டுமென்றால் அவர்கள் சோதித்து ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சோதனையைத்தான் ரிவ்யூ என்கிறோம். கணினியும் சோதிக்கிறது, ஆட்களும் பார்க்கிறார்கள்.

வண்டிக்கு எஃப்.சி. காட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் ‘இந்த வண்டி எந்த ஊருக்கு ஓடும், லாபம் வருமா’ என்று யாரும் கேட்பதில்லை. ஆர்.சி. புக்கில் எழுதியிருக்கிற எஞ்சின் நம்பர் வண்டியில் இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, லைட் எரிகிறதா என்று பார்க்கிறார்கள். ஸ்டோர் ரிவ்யூவும் இந்த வகைதான். உங்கள் ஐடியா நல்லதா கெட்டதா என்பது அங்கே பெரும்பாலும் பேச்சே இல்லை. நீங்கள் சொன்னதும் உங்கள் ஆப் செய்வதும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் பேச்சு.

நீங்கள் சொல்வது மூன்று இடத்தில் பதிவாகிறது. முதலாவது ஆப்பின் உள்ளே: அது என்ன செய்கிறது, போனிடம் என்னென்ன அனுமதி கேட்கிறது. இரண்டாவது கடைப் பக்கத்தில்: பெயர், விளக்கம், ஸ்கிரீன்ஷாட். மூன்றாவது நீங்கள் நிரப்பிக் கொடுக்கும் படிவங்களிலும் தனியுரிமைக் கொள்கையிலும்: எந்தத் தகவலை எடுக்கிறீர்கள், யாரிடம் கொடுக்கிறீர்கள், விளம்பரம் உண்டா, எந்த வயதினருக்கு. இந்த மூன்று இடமும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒரு இடம் பிசகினால் ஆப் திரும்பி வரும். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இது எப்படியெல்லாம் பிசகுகிறது என்ற விவரம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்ற கோபம் வருவது இயல்பு. ஆனால் கடன் ஆப்கள் செய்த கொடுமை நமக்குத் தெரியாததா? ஐந்தாயிரம், பத்தாயிரம் கடன் வாங்கியவரின் போனிலிருந்து காண்டாக்டுகளை மொத்தமாக உருவி எடுத்து, மாமனார் வீட்டுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் போன் போட்டு மானத்தை வாங்கினார்கள். உயிரையே விட்டவர்களும் உண்டு. கடன் ஆப்கள் காண்டாக்டையும் போட்டோவையும் தொடவே கூடாது என்று கூகுள் 2023 மே 31 முதல் தடை போட்டதற்குப் பின்னால் அந்தக் கண்ணீர் இருக்கிறது. விதிகளை மீறிய 23.6 லட்சம் ஆப்களை 2024இல் கடைக்கு வராமல் தடுத்ததாக அதே நிறுவனம் சொல்கிறது. ஆப்பிள் 2022இல் 61 லட்சம் விண்ணப்பங்களைப் பார்த்து, அவற்றில் ஏறக்குறைய 17 லட்சத்தை நிராகரித்தது. அந்த எண்ணிக்கைக்குள் மோசடிக்காரர்களும் இருப்பார்கள், ஒரு படிவத்தில் தவறான கட்டத்தை டிக் செய்த நல்ல பிள்ளைகளும் இருப்பார்கள்.

ஒரு அணை ஆப்பை எடுத்துக்கொள்வோம்

கற்பனைக்கு ஒரு ஆப். தாமிரபரணிப் பாசனத்தில் விவசாயம் செய்கிறவர் வீட்டுப் பிள்ளை, அணை நீர்மட்டம் காட்டும் ஆப் எழுதுகிறது. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று அணைகளின் முழு உயரம். அதற்கு எதிரே இன்றைய நீர்மட்டம், வரத்து, திறப்பு. கார் சாகுபடிக்குத் தண்ணீர் விடுவார்களா, பிசானத்துக்குக் கடைசி வரை வருமா என்று கேட்கிறவர்களுக்கு இதைவிடத் தேவையான ஆப் இல்லை. கொஞ்சம் வருமானம் வரட்டும் என்று கீழே ஒரு விளம்பரப் பட்டை. பக்கத்து வாய்க்காலைக் காட்டலாமே என்று லொக்கேஷன் அனுமதி. விவசாயிகள் கருத்துச் சொல்ல, போன் நம்பரும் ஓடிபியும் போட்டு உள்ளே வரும் வசதி. தினசரி அணை நிலவரத்தை எடுத்துப் போடுவதால், பார்த்ததும் நம்பிக்கை வரட்டும் என்று தமிழக அரசின் கோபுரச் சின்னத்தையே ஐகானாக வைத்தாயிற்று.

நல்ல மனதோடு செய்த ஆப். ஆனால் நான்கு இடத்தில் இது திரும்பி வரும்.

முதலில் அந்த விளம்பரப் பட்டை. இதில்தான் புதியவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்பதால் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஆப்பை அனுப்பிவைக்கும் கூகுள் தளமான ப்ளே கன்சோலில் ‘தகவல் பாதுகாப்பு’ என்று ஒரு படிவம் உண்டு. 2022 முதல் எல்லா ஆப்புக்கும் கட்டாயம். ‘உங்கள் ஆப் பயனாளரின் தகவல் எதையாவது எடுக்கிறதா?’ என்று அதில் கேட்கிறார்கள். நீங்கள் எழுதிய நிரலில் ஒரு வரி கூட யார் தகவலையும் எடுக்கவில்லை. எனவே மனசாட்சிப்படி ‘இல்லை’ என்று போடுகிறீர்கள். ஆனால் விளம்பரம் காட்ட நீங்கள் சேர்த்த லைப்ரரி, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல், எடுக்கிறது. ஐ.பி. முகவரி, போனின் விளம்பர ஐடி, எதைத் தொட்டார்கள், எங்கே ஆப் நின்றுபோனது என்ற விவரமெல்லாம் அதன் வழியாகப் போகிறது. உங்கள் ஆப்புக்குள் இருப்பதால் அது உங்கள் ஆப் எடுத்ததாகத்தான் கணக்கு.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில், ஆப் கேட்கும் அனுமதிகள் எழுதியிருக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பைத் திறந்து, கீழே இருக்கும் ‘மெர்ஜ்டு மேனிஃபெஸ்ட்’ என்ற தாவலைத் தட்டுங்கள். நீங்கள் எழுதிய மேனிஃபெஸ்டில் இரண்டு அனுமதிதான் இருக்கும். இங்கே அதைவிட நீளமான பட்டியல் தெரியும். கூடுதலாக வந்தவை நீங்கள் சேர்த்த லைப்ரரிகள் கொண்டுவந்தவை. எந்த வரி எங்கிருந்து வந்தது என்பதையும் அதே திரை காட்டும். விளம்பர ஐடிக்கான அனுமதியும் அந்தப் பட்டியலில் இருக்கும். ஸ்டோர்காரர்கள் கையில் போய்ச் சேர்வது இந்தச் சேர்த்துவைத்த பட்டியல்தான். படிவத்தை நிரப்பும் முன் ஒவ்வொரு முறையும் இதைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெரிய லைப்ரரியும் ‘நாங்கள் இன்னின்ன தகவல் எடுக்கிறோம், படிவத்தில் இப்படிக் குறியுங்கள்’ என்று தன் உதவிப் பக்கத்தில் எழுதியே வைத்திருக்கிறது. அதைப் பார்த்து நிரப்பினால் இந்தக் கண்டம் தாண்டிவிடலாம்.

இரண்டாவது, லொக்கேஷன். வாய்க்காலை வட்டாரவாரியாக ஒரு பட்டியலில் கொடுத்தால் போதுமே. கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய், திருநெல்வேலிக் கால்வாய் என்று வரிசையாகப் போட்டால் விவசாயி தன் வாய்க்காலைத் தானே தொட்டுக்கொள்வார். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று ஒரு அனுமதியையும் கேட்காதீர்கள். ஆப் மூடியிருக்கும்போதும் லொக்கேஷன் எடுப்பது என்றால் தனிப் படிவம், ஏன் வேண்டும் என்று காட்டும் வீடியோ எல்லாம் கேட்பார்கள். எஸ்.எம்.எஸ். படிக்கும் அனுமதி இன்னும் கடினம். 2018 கடைசியில் அறிவித்த விதிப்படி, போனின் முதன்மை மெசேஜ் ஆப் போன்ற சில வகைகளுக்குத்தான் அது கிடைக்கும். ஓடிபியைத் தானாகப் படிக்க அந்த அனுமதியே தேவையில்லாத வழி ஒன்றைக் கூகுளே கொடுத்திருக்கிறது.

மூன்றாவது, ஓடிபி. உங்கள் ஆப்பைச் சோதிக்கிறவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது. அவரிடம் நம் ஊர் நம்பர் இருக்காது. முதல் திரையிலேயே போன் நம்பர் கேட்டு நிற்கும் ஆப்பை அவர் எப்படித் திறப்பார்? திறக்க முடியவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். கன்சோலில் ‘ஆப் அணுகல்’ என்ற பகுதி இதற்குத்தான் இருக்கிறது. ஒரு சோதனை நம்பரையும் மாறாத ஓடிபி ஒன்றையும் அங்கே எழுதிவைக்க வேண்டும். கூகுளின் ஃபயர்பேஸ் சேவையில் இப்படிச் சோதனை நம்பர் பதிந்துவைக்கும் வசதி இருக்கிறது. இன்னொன்று: ஆப்புக்குள் கணக்குத் தொடங்க வழி இருந்தால் கணக்கை அழிக்கவும் வழி இருக்க வேண்டும். ஆப்பிளில் இது 2022 ஜூன் 30 முதல் கட்டாயம். பிறகு கூகுளும் கொண்டுவந்தது, ஆப்பை நீக்கிவிட்டவரும் கேட்கும்படி வலைப்பக்க இணைப்பும் சேர்த்து. அணை ஆப்பைப் பொறுத்தவரை என் யோசனை, முதல் பதிப்பில் லாகின் வசதியே வேண்டாம் என்பதுதான். நீர்மட்டம் பார்க்க எதற்கு ஒருவர் தன் நம்பரைத் தர வேண்டும்?

நான்காவது, அரசுச் சின்னம். அரசின் தகவலைக் காட்டுவது தப்பில்லை. அரசே வெளியிட்ட ஆப் என்று தோன்றும்படி செய்வதுதான் தப்பு. சின்னத்தை எடுத்துவிடுங்கள். தகவல் எங்கிருந்து வருகிறது என்ற இணைப்பையும், ‘இது அரசின் ஆப் அல்ல’ என்ற வரியையும் ஆப்பின் உள்ளேயும் கடைப் பக்க விளக்கத்திலும் தெளிவாகப் போடுங்கள். டி.என்.பி.எஸ்.சி. பழைய வினாத்தாள் ஆப், பட்டா பார்க்கும் ஆப், பஸ் நேரம் சொல்லும் ஆப் என்று நம் பிள்ளைகள் விரும்பி எழுதுகிற வகைகள் பலவும் இந்த ஒரு விதியில் மாட்டுகின்றன. அடுத்தவர் படம், பாட்டு, எஃப்.எம். ஒலிபரப்பு இவற்றை உரிமை இல்லாமல் எடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நான்கையும் சரிசெய்தபின் தனியுரிமைக் கொள்கை. எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு வலைப்பக்கத்தில் அது இருக்க வேண்டும். பி.டி.எஃப். ஆகாது, யாரும் திருத்தக்கூடிய பகிர்வு ஆவணமும் ஆகாது. வேறெங்கோ இருந்து ஒரு மாதிரியை நகலெடுத்து ஒட்டும்போது, அந்த ஆப்பின் பெயரே அதில் மிஞ்சி நிற்பது சர்வசாதாரணம். நீங்களே பத்து வரி எழுதுங்கள்: என்ன எடுக்கிறோம், எதற்கு, யாரிடம் போகிறது, அழிக்க யாருக்கு எழுத வேண்டும். படிவத்தில் குறித்ததும் இதில் எழுதியதும் ஒத்துப்போக வேண்டும்.

பெயர் வைக்கும்போது தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஆப் பெயருக்கு 30 எழுத்துதான் இடம். ஆனால் கணினி நம்மைப்போல எழுத்தெண்ணுவதில்லை. துணைக்காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். ‘நீர்மட்டம்’ நமக்கு ஆறு எழுத்து, அதற்குப் பத்து. ‘தாமிரபரணி அணை நீர்மட்டம்’ என்று வைத்தால் இடைவெளியும் சேர்த்து 24 ஆகிவிடும். ‘நம்பர் 1’, ‘சிறந்த’, ‘இலவசம்’ போன்ற சொற்களைப் பெயரில் சேர்த்தாலும் திருப்பி அனுப்புவார்கள்.

12 பேர், 14 நாள்

கூகுள் ப்ளேயில் கணக்குத் தொடங்க 25 டாலர், ஒரே ஒரு முறை கட்ட வேண்டும். நம் காசுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். கார்டில் வெளிநாட்டுப் பரிமாற்றம் திறந்திருக்க வேண்டும் என்பதால், வங்கிக்கணக்கு அப்பா பெயரில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதுவே ஒரு அலைச்சல். அடையாளச் சான்றும் கேட்பார்கள். ஆப்பில் வருமானம் பார்க்கிறவராக இருந்தால் உங்கள் முகவரி கடைப் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி வரும். வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் கணக்குத் தொடங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அதற்கடுத்து வருவதுதான் தனிநபர்களுக்குப் பெரிய மேடு. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகள், ஆப்பை எல்லாருக்கும் வெளியிடும் முன் மூடிய சோதனை, அதாவது நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் போட்டுப் பார்க்கும் சோதனை, நடத்த வேண்டும். முதலில் 20 பேர் வேண்டும் என்றார்கள். 2024 டிசம்பரில் அதை 12 ஆகக் குறைத்தார்கள். 12 பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையாளராக இருக்க வேண்டும். அதன்பிறகு, சோதனையில் என்ன தெரிந்துகொண்டீர்கள், யாரை மனதில் வைத்து ஆப் செய்தீர்கள் என்று சில கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுமதி கேட்க வேண்டும். பதிவு செய்த நிறுவனக் கணக்குகளுக்கு இந்த நிபந்தனை கிடையாது, அவர்களுக்கு டி.யு.என்.எஸ். என்ற ஒன்பது இலக்க எண் வேண்டும்.

பெங்களூரில் கம்பெனியில் இருக்கிறவருக்குப் பக்கத்து மேசைகளிலேயே 12 பேர் கிடைப்பார்கள். நம் ஊரில் வீட்டிலிருந்து எழுதுகிறவருக்கும் ஆள் கிடைப்பது கஷ்டமில்லை, சித்தப்பா பெரியப்பா வீட்டைக் கணக்கெடுத்தாலே தேறிவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் ஒவ்வொருவரின் ஜிமெயில் முகவரியையும் பட்டியலில் சேர்த்து, ஒரு இணைப்பை அனுப்புவீர்கள். அதன்பிறகு போன் வரும்.

“ஏலே, நீ அனுப்புனதத் தட்டுனேன், இந்த அக்கவுண்டுக்கு இல்லைன்னு வருதுலே.”

“சித்தப்பா, உங்க போன்ல எந்த மெயில் ஐடி போட்டிருக்கு?”

“அது போன் கடை அண்ணாச்சிதான் போட்டுக் குடுத்தாவ. எனக்கு எங்க தெரியும்?”

இதற்கு வழி இருக்கிறது. ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் வட்டத்தைத் தட்டச் சொல்லுங்கள். வரும் முகவரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதைத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும், அவர்கள் வாயால் சொல்லும் முகவரியை அல்ல. இணைப்பைத் தட்டி ‘சோதனையாளராகச் சேர்கிறேன்’ என்ற பொத்தானை அமுக்கிய பிறகுதான் அவர் கணக்கில் வருவார். பட்டியலில் சேர்த்ததோடு ஆகாது. நடுவில் ஒருவர் விலகி எண்ணிக்கை 12க்குக் கீழே போனால் நாள் கணக்கு அடிபடும் என்பதால், 12க்கு நின்றுவிடாமல் பதினெட்டு, இருபது பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போனில் இடம் இல்லை என்று ஆப்பை எடுத்துவிடுகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

காசு வாங்கிக்கொண்டு 12 பேரைத் தருகிறோம் என்கிற ஆட்களும், ‘என் ஆப்பை நீ போடு, உன் ஆப்பை நான் போடுகிறேன்’ என்கிற குழுக்களும் நிறைய உண்டு. அந்த வழியில் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பதினாலு நாளும் ஒருவர்கூட ஆப்பைத் திறக்கவில்லை என்பது கூகுளுக்குத் தெரியும்; அந்தக் காரணத்தைச் சொல்லி, இன்னும் சோதனை செய்யுங்கள் என்று அனுமதி மறுக்கப்படுவதுண்டு. அதைவிட, கோடைமேலழகியான் கால்வாயில் வயல் வைத்திருக்கிற ஒரு பெரியவர் “எழுத்து சின்னதா இருக்கு, வெயில்ல தெரியல” என்று சொல்வது ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய சோதனையாளரிடம் கிடைக்காது. அவர் சொன்னதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி அடுத்த பதிப்பைச் சோதனைக்கு விடுங்கள். கடைசியில் கேட்கும் கேள்விகளுக்கு அந்த நோட்டே பதில்.

ஆப்பிள் பக்கம்

இங்கே சுருக்கமாகப் போகிறேன், நம் பக்கத்தில் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்ட்ராய்டுதான். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். ஆப் உருவாக்க மேக் கணினியும் வேண்டும். சோதனைக்கு டெஸ்ட்ஃப்ளைட் என்ற வசதி உண்டு, ஆனால் 12 பேர் கட்டாயம் போன்ற விதி இல்லை. விதிகள் ஐந்து பகுதிகளாக எண் போட்டு இருக்கின்றன. நிராகரிப்பு வந்தால் எந்த எண் என்று சொல்லிவிடுவார்கள். 2.1 என்றால் ஆப் முழுமையாக இல்லை: திடீரென நின்றுபோகிறது, வெற்றுத் திரை இருக்கிறது, சோதனை லாகின் வேலை செய்யவில்லை. தீராமல் நிற்கும் சிக்கல்களில் 40 சதவீதத்துக்கு மேல் இந்த ஒரு விதியைச் சேர்ந்தவை என்று ஆப்பிளே எழுதியிருக்கிறது. 4.2 என்றால் வெறும் வலைத்தளத்தை ஆப் என்று சுற்றிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். அணை நீர்மட்டம் ஒரே பட்டியலாக மட்டும் இருந்தால் 4.2இல் மாட்ட வாய்ப்பு அதிகம். அதற்கு வலைப்பக்கமே போதும். போனின் முகப்பில் சேர்த்துக்கொள்ளும் வலைப்பக்கத்துக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை.

மெயில் வந்தால்

உடனே மறுபடி அனுப்பாதீர்கள். ஒன்றையும் மாற்றாமல் இரண்டாவது தடவை அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை. மெயிலில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள்: எந்த விதி, எந்தப் பதிப்பு எண், எந்த இடம். இடம் என்பது ஆப்பின் உள்ளேயா, கடைப் பக்கத்திலா, படிவத்திலா என்று அநேகமாகச் சொல்லியிருக்கும். சில சமயம் ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கும். கோளாறு விளக்கத்தில் இருந்தால் நிரலைத் தொட வேண்டியதே இல்லை.

பலர் அறியாத ஒன்று: கூகுளில் உள் சோதனை, மூடிய சோதனை, பொது வெளியீடு என்று தனித்தனித் தடங்கள் உண்டு. பொது வெளியீட்டில் சரிசெய்த பதிப்பைப் போட்டுவிட்டு, சோதனைத் தடத்தில் பழைய கோளாறுப் பதிப்பை அப்படியே விட்டிருந்தால் நிராகரிப்பு மறுபடி வரும். ‘சரிபண்ணித்தானே அனுப்பினேன், திரும்பவும் அதே மெயிலா’ என்று திகைத்து நிற்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. எல்லாத் தடத்திலும் புதிய பதிப்பை ஏற்றிப் பழையதை விலக்குங்கள்.

நிராகரிப்பு, நீக்கம், இடைநிறுத்தம் மூன்றும் வேறு வேறு. நிராகரிப்பு என்றால் இப்போது அனுப்பியது மட்டும் போகவில்லை. ஏற்கெனவே கடையில் இருக்கும் பதிப்பு அப்படியே இருக்கும். நீக்கம் என்றால் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள், சரிசெய்து அனுப்பினால் பழைய மதிப்பீடுகளோடு திரும்ப வரும். இடைநிறுத்தம் கடுமையானது: அந்த ஆப் தன் மதிப்பீடுகளையும் பயனாளர்களையும் இழக்கிறது, உங்கள் கணக்கின் பெயரும் கெடுகிறது. அது திரும்பத் திரும்ப நடந்தால் கணக்கே முடங்கும். அதன்பிறகு இன்னொரு பெயரில் புதுக் கணக்குத் தொடங்கினாலும், தொடர்பு தெரிந்தால் அதையும் முடக்குவார்கள்.

இந்த இடத்தில் நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “அண்ணே, எங்கிட்ட கார்டு இல்ல, உங்க அக்கவுண்ட்லயே என் ஆப்பையும் போட்டுவிடுங்க” என்று கல்லூரித் தம்பிகள் கேட்பார்கள். உதவ மனம் வரும். ஆனால் அந்த ஆப்பில் ஒரு விபரீதம் நடந்தால் உங்கள் ஆப்களும் சேர்ந்து போகும். தம்பி 25 டாலர் கட்ட உதவுங்கள், கணக்கைக் கொடுக்காதீர்கள். விலைக்கு வரும் பழைய கணக்குகளையும் வாங்காதீர்கள்; அதன் பழைய வினை என்னவென்று உங்களுக்குத் தெரியாது.

முடிவு தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் மேல்முறையீடு செய்யலாம். கோபத்தையும் உழைத்த நாள்களையும் அதில் எழுதினால் படிக்கிறவரால் ஒன்றும் செய்ய முடியாது. ‘இந்த விதியைச் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் ஆப்பில் தகவல் மூலத்தின் இணைப்பு முகப்புத் திரையின் கீழே இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். அரசின் ஆப் அல்ல என்ற வரி விளக்கத்தின் முதல் பத்தியில் இருக்கிறது’ என்று நான்கு வரி போதும். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். ஆப்பிளில் சோதிக்கிறவரோடு ஆப் ஸ்டோர் கனெக்ட் என்ற அவர்கள் தளம் வழியே எழுதிப் பேசலாம், புரியாததைக் கேட்கவும் செய்யலாம்.

எல்லா நேரமும் நியாயம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. 2020 செப்டம்பர் 18 அன்று பேடிஎம் ஆப்பையே கூகுள் கடையிலிருந்து எடுத்தது; சில மணி நேரத்தில் அது திரும்பியது. 2024 மார்ச் 1 அன்று கட்டணத் தகராறில் திருமணத் தகவல், வேலைவாய்ப்பு நிறுவனங்களின் ஆப்களை எடுத்தபோது மத்திய அமைச்சரே தலையிட்டார். சில நாள்களில் அவை திரும்பின. ப்ளே ஸ்டோரின் கட்டண விதிகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025இல் அதை 216 கோடியாகக் குறைத்தது. பெரிய நிறுவனங்களுக்குப் பேச ஆள் இருக்கிறது. மேலப்பாளையத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ இருந்து ஒற்றை ஆளாக எழுதுகிறவருக்கு அந்த மெயில் ஒன்றுதான் வாசல். இது சரியில்லை. தமிழில் விளக்கமும், கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதரும் வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரைக்கும் நம் கையில் இருப்பது, அவர்கள் கேட்பதை அவர்களைவிடத் தெளிவாக எழுதிக் கொடுப்பது.

அனுமதி கிடைத்த பிறகு

ஆப் கடைக்கு வந்ததோடு வேலை முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை, அநேகமாக ஆகஸ்ட் 31ஐக் கெடுவாக வைத்து, ஆப் குறிவைக்கும் ஆண்ட்ராய்டுப் பதிப்பைக் கூகுள் உயர்த்தும். 2025இல் புது ஆப்களும் புதுப்பிப்புகளும் ஆண்ட்ராய்டு 15க்கு மாற வேண்டியிருந்தது. கவனிக்காமல் சில ஆண்டு விட்டுவிட்டால், புதுப் போன் வாங்கியவர்கள் தேடும்போது உங்கள் ஆப் கண்ணில் படாது. கார் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறக்கும் சமயத்தில்தான் அணை ஆப்பைத் தேடி வருவார்கள். அதனால் இந்த வேலையை ஏப்ரல், மே மாதத்திலேயே முடித்து, புதிய பதிப்பை முதலில் மூடிய சோதனையில் விட்டு, அதே சித்தப்பாவையும் அத்தையையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். விளம்பர லைப்ரரியின் புதிய பதிப்பைச் சேர்த்திருந்தால் மெர்ஜ்டு மேனிஃபெஸ்டையும் படிவத்தையும் மறுபடி ஒத்துப் பாருங்கள். இது நீங்கள் எழுதிய ஆப்தான் என்று காட்ட ஆப்பில் கையெழுத்திடும் கீ கோப்பையும் அதன் கடவுச்சொல்லையும் லேப்டாப்பைத் தவிர இன்னொரு இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்துபோனால், ப்ளே கையெழுத்து வசதியில் சேர்ந்திருப்பவர்கள் கன்சோல் வழியாகப் புதிய அப்லோட் கீ கேட்டு வாங்கலாம். ஆனால் அது கைக்கு வரும் வரை ஒரு சிறு திருத்தத்தைக்கூட வெளியிட முடியாது.